வந்தவாசிப் போரும் மரக்காணத்துக் காற்றும்

மரக்காணம் உப்பளங்களில் பொங்கல் கழிந்த பிறகுதான் வேலை சூடுபிடிக்கும். மழையில் கரைந்துபோன வரப்புகளுக்கு மண் அணைப்பார்கள். பாத்திகளில் தேங்கிய சேற்றை வாரிவிட்டு, களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். வாடைக்காற்றின் ஈரம் குறைந்து, வெயில் ஏறி, முதல் உப்பு வார இன்னும் சில வாரம் ஆகும். அப்படியொரு தை மாதத்தில், 1760 ஜனவரி 22ஆம் நாள், இங்கிருந்து வடமேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், வந்தவாசிக் கோட்டைக்கு வெளியே இரண்டு ஐரோப்பியப் படைகள் மோதின. காலையில் தொடங்கிய சண்டை பிற்பகலிலேயே முடிந்துவிட்டது. தென்னிந்தியாவில் பிரெஞ்சுக்காரர்களின் அரசியல் கனவும் அதோடு முடிந்தது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி என்ற வணிகக் கூட்டம் ஆட்சியாளராக மாறும் வழி திறந்தது.

பள்ளிப் புத்தகத்தில் இதை மூன்றாம் கர்நாடகப் போர் என்று படித்திருப்போம். ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் வென்றார், பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்றார், ஆண்டு 1760. தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்தப் பிற்பகலில் நடந்ததைப் புரிந்துகொள்ள படைத்தலைவர்களின் பெயர்கள் போதாது. காற்று எந்த மாதத்தில் எந்தப் பக்கம் வீசுகிறது, கடல் மணலை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது, மண்ணில் நுண்ணுயிர்கள் என்ன செய்கின்றன என்பதெல்லாம் தெரிய வேண்டும். அதற்கு மரக்காணத்தைவிட நல்ல இடம் கிடையாது. இந்தக் கரைக்கு உப்பைக் கொடுத்த அதே இயற்கைதான் துறைமுகத்தைக் கொடுக்காமல் விட்டது. போரின் முடிவுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

முதலில் உப்பு எப்படி விளைகிறது என்று பார்ப்போம். ஆயிரம் லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிலோ உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் சோடியம் குளோரைடு முக்கால் பங்குக்குச் சற்று மேல். மற்றவை கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் சார்ந்த உப்புகள். நீரை வெயிலில் காயவிட்டால் எல்லாம் ஒன்றாக வந்து படிவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை உண்டு. முதலில் சுண்ணாம்புச் சத்து படியும். அடுத்து ஜிப்சம். நீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது, அதாவது உப்பளக்காரர்கள் அடர்த்தி அளவாகச் சொல்லும் 25 டிகிரி வரும்போது, சமையல் உப்பு பூக்கத் தொடங்கும். 29 டிகிரியைத் தாண்ட விட்டால் மக்னீசிய உப்புகளும் கலந்து கசக்கும். அதற்குள் உப்பை வாரிவிட்டு மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும். ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு நீரை மாற்றிக்கொண்டே போவது இந்த வரிசையைக் கையாளத்தான். ஆய்வுக்கூடத்தில் வேதியியலாளர் கண்ணாடிக் குடுவையில் செய்யும் பிரித்தெடுத்தலை, திறந்த வெளியில் மண்ணையும் வெயிலையும் மட்டும் கொண்டு தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறார்கள். எனக்கு இது எப்போதும் பெரிய வியப்பு.

இதற்கு மூன்று பொருத்தங்கள் அமைய வேண்டும். தட்டையான களிமண் நிலம், பக்கத்திலேயே உவர்நீர், பல மாதம் தொடர்ந்து மழையற்ற வெயில். மரக்காணத்தில் மூன்றும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தடுத்துக்கொள்வதால் இந்தக் கரை பெரும்பாலும் காய்ந்தே கிடக்கிறது. அக்டோபரில் காற்று திரும்புகிறது. ஆசிய நிலப்பரப்பு குளிர, அங்கிருந்து கிளம்பும் வறண்ட காற்று வங்கக் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து நம் கரையில் கொட்டுகிறது. அதுதான் வடகிழக்குப் பருவமழை. மழையோடு புயலும் வரும். உப்பளம் அப்போது ஓய்ந்துவிடும்.

இனி மணல். தமிழகக் கடற்கரையில் அலைகள் கரையைச் சாய்வாகவே வந்து அறைகின்றன. ஒவ்வொரு அலையும் மணலைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்துகிறது. தென்மேற்குப் பருவத்தில் வடக்கு நோக்கி; வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கி. ஆண்டுக் கணக்கில் கூட்டிக் கழித்தால் வடக்கு நோக்கிப் போவதே அதிகம். 1870களில் சென்னையில் செயற்கைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கியதும், சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிபட்டது. அந்த மணல் ஓட்டத்துக்கு வேறு சான்று தேவையில்லை. இப்படி நகரும் மணல் மேடு, குடா என்று எதையும் விட்டுவைக்காமல் கரையை நேர்கோடாக இழைத்துவிடுகிறது. கழிமுகங்களை அடைத்து மணல்திட்டுகள் போடுகிறது. மணல்திட்டுக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளும் நீர் கழுவேலி போன்ற பரந்த உவர்நீர்ச் சதுப்பாகிறது. உப்பளத்துக்கு ஏற்ற மண்ணும் நீரும் அங்கே அமைந்துவிடுகின்றன. ஆனால் கப்பல் ஒதுங்க ஓர் ஆழமான மறைவிடம் மட்டும் அமைவதில்லை.

சென்னை, புதுச்சேரி, கடலூர், காரைக்கால் என எல்லாக் கம்பெனிக் கோட்டைகளும் இப்படித் திறந்த கரையில்தான் நின்றன. கப்பல்கள் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி நங்கூரம் போடும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில்தான் கரைக்கு வர வேண்டும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த பலகைப் படகு அது. உடையும் அலையில் ஆணி அடித்த படகு பிளந்துபோகும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். ஐரோப்பாவின் இரண்டு பெரும் கம்பெனிகளும் நம் கரையில் காலடி வைத்தது நம் படகோட்டிகளின் கைத்திறத்தை நம்பித்தான்.

அக்டோபர் வந்துவிட்டால் அந்த நங்கூரமிடமும் உயிருக்கு ஆபத்து. 1746 அக்டோபரில் சென்னையைப் பிடித்திருந்த லாபூர்தொனேயின் பிரெஞ்சுக் கப்பற்படையை ஒரே புயல் சிதறடித்தது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் பருவமழைக்கு முன் இரண்டு நாட்டுக் கப்பற்படைகளும் சோழமண்டலக் கரையைக் காலிசெய்தாக வேண்டும். இதில்தான் பெரிய வேறுபாடு. ஆங்கிலேயர் பம்பாய்க்குப் போனார்கள். அங்கே நல்ல இயற்கைத் துறைமுகம் இருந்தது. 1750இல் லவ்ஜி வாடியா என்ற பார்சி கப்பல் கட்டுநரின் பொறுப்பில் ஓர் உலர்துறையும் அமைந்தது. தேக்கு மரமும் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர்களோ இந்தியப் பெருங்கடலைத் தாண்டி மொரீஷியஸ் தீவுக்குப் போக வேண்டும். அங்கே கப்பற்படைக்குப் போதுமான உணவுகூட இல்லாமல், ஆப்பிரிக்காவின் தென்முனைக்குக் கப்பல் அனுப்பி வாங்க வேண்டியிருந்தது.

உலர்துறை ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். வெப்பக் கடலில் கப்பல் புழு என்ற உயிரினம் உண்டு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனத்தைச் சேர்ந்த மெல்லுடலி. தன் ஓட்டின் அரம் போன்ற விளிம்பால் மரத்தைத் துளைத்து உள்ளே போய்விடும். அதன் செவுளில் வாழும் பாக்டீரியாக்கள் மரத்தைச் செரிக்க உதவுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் ஊசித் துளை மட்டும் தெரியும். உள்ளே பலகை சல்லடையாகியிருக்கும். கப்பலின் அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு அடிக்கும் வழக்கம் பரவாத காலம் அது. நீரை வடித்து, கப்பலின் அடியைப் பார்த்து, கெட்ட பலகையை மாற்றுவதற்கு உலர்துறை இருந்தவர்களின் கப்பல் பிழைத்தது.

1758, 1759 ஆண்டுகளில் பிரெஞ்சு கடற்படைத் தலைவர் தாஷேயும் ஆங்கிலேயத் தலைவர் போகாக்கும் மூன்று முறை மோதினார்கள். கடைசி மோதல் 1759 செப்டம்பர் 10. எதிலும் யாரும் யாரையும் முழுமையாக வெல்லவில்லை. ஆனால் மூன்றாவது சண்டைக்குப் பிறகு, அடிபட்ட கப்பல்களோடு தாஷே புதுச்சேரிக்கு வந்து, கொஞ்சம் பணத்தையும் சில நூறு ஆட்களையும் இறக்கிவிட்டு, மழைக்கு முன் மொரீஷியஸுக்குக் கிளம்பினார். லாலியும் புதுச்சேரி ஆலோசனைச் சபையும் மன்றாடியும் நிற்கவில்லை. அதன் பிறகு அவர் இந்தக் கரைக்குத் திரும்பவே இல்லை. அக்டோபர் இறுதியில் அயர் கூட்டும் அவருடைய புதிய படைப்பிரிவும் சென்னையில் இறங்கினார்கள். என் கணிப்பில் வந்தவாசிப் போரின் முடிவு பாதிக்கு மேல் அந்த இரண்டு மாதங்களிலேயே எழுதப்பட்டுவிட்டது.

மீதிப் பாதி பணமும் வெடிமருந்தும். பிளாசிப் போருக்குப் பின் (1757) வங்காளத்தின் வருவாய் ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்கு வந்துகொண்டிருந்தது. லாலியின் கஜானாவோ காலி. 1759 அக்டோபரில் அவருடைய ஐரோப்பியப் படைகளே சம்பளம் கேட்டுக் கலகம் செய்தன.

வெடிமருந்தின் கதை இன்னும் ஆழமானது. அக்காலத்துக் கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு என்னும் பொட்டாசியம் நைட்ரேட். மீதி மரக்கரியும் கந்தகமும். கரி எரிய ஆக்சிஜன் வேண்டும். துப்பாக்கிக் குழாய்க்குள் காற்றிலிருந்து அதை அவ்வளவு விரைவாகப் பெற முடியாது. வெடியுப்பு தன் மூலக்கூறிலேயே ஆக்சிஜனைக் கட்டி வைத்திருக்கிறது. அதனால் கரி கண்ணிமைக்கும் நேரத்தில் எரிந்து, சூடான வாயுவாக விரிந்து, குண்டைத் தள்ளுகிறது. எரிந்ததில் பாதிக்கு மேல் வாயுவாவதில்லை. நுண்ணிய திடத் துகளாகிறது. அக்காலப் போர்க்களங்களை மூடிய வெண்புகை அதுதான். சில சுற்றுகள் சுட்ட பிறகு எதிரியே கண்ணுக்குத் தெரியமாட்டான்.

அந்த வெடியுப்பின் உலகத் தலைநகரம் பீகார். அங்கே மாட்டுச் சாணமும் சிறுநீரும் ஊறிய ஊர்மண்ணில் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மழை முடிந்து வெயில் வந்ததும் மண்ணின் ஈரம் மேலேறி ஆவியாகும். நைட்ரேட் வெள்ளைப் படலமாகத் தரையில் பூக்கும். நூனியா என்ற சமூகத்தார் அதைச் சுரண்டி, நீரில் கரைத்து, மரச்சாம்பல் சேர்த்து வடிகட்டிக் காய்ச்சுவார்கள். இங்கே ஒரு வேதியியல் நுட்பம் இருக்கிறது. சமையல் உப்பு, குளிர்ந்த நீரிலும் கொதிநீரிலும் ஏறத்தாழ ஒரே அளவுதான் கரையும்: 100 மில்லி லிட்டருக்கு 36 கிராமிலிருந்து 39 கிராம். வெடியுப்போ உறையும் குளிர்நீரில் 13 கிராம் கரையும். கொதிநீரில் 240 கிராமுக்கு மேல் கரையும். ஆகவே கொதிக்கும் கரைசலை ஆறவிட்டால் வெடியுப்பு படிகமாக விழும், கலந்திருந்த சமையல் உப்பு நீரிலேயே நின்றுவிடும். மரக்காணத்தில் நீரைக் குறைத்து உப்பைப் பிரிக்கிறார்கள். பாட்னாவில் சூட்டைக் குறைத்துப் பிரித்தார்கள். இரண்டு இடத்திலும் இந்த அறிவு உழைப்பாளிகளிடம் இருந்தது, ஆதாயம் கம்பெனியிடம் போனது.

1758இல் வங்காள நவாபு மீர் ஜாபரிடமிருந்து பீகார் வெடியுப்பின் ஏகபோக உரிமையை ஆங்கிலேயக் கம்பெனி பெற்றது. பிரெஞ்சுக்காரர்களின் சந்தனநகர் 1757இலேயே பறிபோயிருந்தது. வந்தவாசிப் போரும் ஒரு பகுதியான ஏழாண்டுப் போர் முழுவதும் பிரான்ஸ் வெடியுப்புப் பஞ்சத்தில் தவித்தது. பின்னாளில், 1775இல், அந்த நாட்டின் வெடிமருந்து நிர்வாகத்தை லவாய்சியர் என்ற மாபெரும் வேதியியலாளரிடம் ஒப்படைத்ததற்கு இந்தப் பட்டறிவும் ஒரு காரணம்.

இப்போது போர்க்களத்துக்கு வருவோம். கூட்டிடம் ஏறத்தாழ 1,900 ஐரோப்பியரும் 2,000க்கு மேற்பட்ட சிப்பாய்களும். லாலியிடம் 2,000க்குச் சற்று மேற்பட்ட ஐரோப்பியர், 1,300 சிப்பாய்கள். துணைக்கு வந்த மராத்தியக் குதிரைப்படை ஒதுங்கி நின்றுவிட்டது. எண்ணிக்கையில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. லாலி வந்தவாசிக் கோட்டையை முற்றுகையிட்டுக்கொண்டிருந்தார். உத்திரமேரூர்ப் பக்கமிருந்து வந்த கூட், மலையடிவாரத்தை ஒட்டித் தன் படையை நிறுத்தினார்.

பிரெஞ்சு லொரேன் படைப்பிரிவு 12 பேர் அகலத்தில் நீண்ட பத்தியாகத் திரண்டு ஓடிவந்தது. கூட்டின் வீரர்கள் வரிசையாக நின்றார்கள். ஏறத்தாழ 50 கஜம் நெருங்கும்வரை சுடவில்லை. காரணம் உண்டு. அக்காலத் துப்பாக்கியின் குழாய் உட்புறம் வழவழப்பானது. குண்டு அதைவிடச் சற்றுச் சிறியது. குழாய்க்குள் இப்படியும் அப்படியும் தட்டிக்கொண்டு வெளியேறும் குண்டு எந்தத் திசையில் போகும் என்று சொல்ல முடியாது. 100 கஜத்துக்கு அப்பால் குறி என்பதே கிடையாது. பத்தியாக வருபவர்களில் முன்னால் இருப்பவர்கள் மட்டுமே சுட முடியும். வரிசையாக நிற்பவர்கள் எல்லோரும் சுடலாம், இரு பக்கமும் வளைந்தும் சுடலாம். முன்வரிசை விழுந்தும் லொரேன் பத்தி தன் வேகத்தாலேயே ஆங்கிலேய வரிசைக்குள் புகுந்தது. பிறகு துப்பாக்கிமுனைக் கத்திகளின் சண்டை. பக்கவாட்டில் தாக்கப்பட்ட பத்தி உடைந்து பின்வாங்கியது.

அந்த நேரத்தில்தான் அது நடந்தது. பிரெஞ்சு இடப்பக்கத்தில் ஒரு குளத்தை ஒட்டிய மண்ணரண். அதைக் காத்தவர்களில் தாஷே விட்டுச்சென்ற கப்பல் ஆட்களே பெரும்பங்கு. ஆங்கிலேயப் பீரங்கிக் குண்டு ஒன்று அங்கே நின்ற வெடிமருந்து வண்டியில் விழுந்தது. குழாய்க்குள் கொஞ்சங்கொஞ்சமாகச் செலவாக வேண்டிய மருந்து ஒரே நொடியில் வெடித்தது. ஏறத்தாழ 80 பேர் இறந்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். இறந்தவர்களில் அந்த அரணின் தலைவரும் ஒருவர். கூட் உடனே ஒரு படைப்பிரிவை அனுப்பி அரணைப் பிடித்தார். பிரெஞ்சு இடப்பக்கம் சரிந்தது. அதை மீட்க முன்னேறிய புஸ்ஸி சிறைப்பட்டார். தக்காணத்தில் ஏழாண்டுகள் நிஜாமையே ஆட்டிவைத்த மனிதர் அவர். பிற்பகல் இரண்டு மணி வாக்கில் லாலி பின்வாங்கினார்.

ஒரு குண்டு வண்டியில் விழுந்தது தற்செயல் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது விழாமல் இருந்திருந்தால் வரலாறு மாறியிருக்கும் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த ஒரு நாள் மாறியிருக்கலாம். கடலில் கப்பல் இல்லை, கஜானாவில் பணம் இல்லை. அன்று வென்றிருந்தாலும் அடுத்த மழைக்காலம்வரை லாலியால் தாக்குப்பிடித்திருக்க முடியாது.

அடுத்த சில மாதங்களில் போர் மரக்காணத்துக் கரைக்கே வந்தது. திண்டிவனம்–மரக்காணம் சாலையில் இன்றும் தெரியும் பெருமுக்கல் குன்றின் கோட்டையைத் தாக்கும்போது கூட்டுக்கே காயம் பட்டது. மரக்காணத்துக்கு வடக்கே கடப்பாக்கத்தில் அலம்பறைக் கோட்டை. உப்பும் நெய்யும் ஏற்றுமதியான துறை அது. நாணயச் சாலையும் அங்கே இருந்தது. 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் வந்த அந்தக் கோட்டையை 1760இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், பிறகு இடித்தார்கள். பிறகு புதுச்சேரி முற்றுகை. உணவு தீரத் தொடங்கியதும், 1760 நவம்பரில், லாலி நகரத்து இந்தியர்கள் ஏறத்தாழ 1,400 பேரை வெளியே துரத்தினார். ஆங்கிலேயக் காவலர்களும் அவர்களைக் கடக்க விடவில்லை. திரும்பிப் போனாலும் கோட்டை வாயில் திறக்கவில்லை. இரண்டு படைகளுக்கும் இடையில், புல் வேரைத் தின்றுகொண்டு, எட்டு நாள் கிடந்தார்கள். பிறகுதான் கூட் வழிவிட்டார். வந்தவாசியில் செத்த ஐரோப்பிய அதிகாரிகளின் பெயர்கள் எல்லாம் ஏட்டில் இருக்கின்றன. இவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரிந்த எந்த வரலாற்று நூலிலும் இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு கொதிக்கிறது.

1761 ஜனவரி 1ஆம் நாள் இயற்கை கடைசியாக ஒரு முறை பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவப் பார்த்தது. புதுச்சேரிக்கு வெளியே காவல் நின்ற ஆங்கிலேயக் கப்பல்கள் மீது புயல் அடித்தது. சில கப்பல்கள் மூழ்கின, சில தரைதட்டின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கடல்வழி திறந்துவிட்டது. ஆனால் அந்த வழியில் வர ஒரு பிரெஞ்சுக் கப்பல்கூட அருகில் இல்லை. ஒரு வாரத்துக்குள் ஆங்கிலேயர் மற்ற கப்பல்களைக் கொண்டு வழியை மீண்டும் அடைத்துவிட்டார்கள். ஜனவரி 16 அன்று புதுச்சேரி விழுந்தது. இந்த நகரத்தின் நாட்களையெல்லாம் எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை அந்த ஜனவரியில்தான் இறந்தார். தோல்விக்குப் பலியாக லாலியை 1766இல் பாரிஸில் தலைவெட்டிக் கொன்றார்கள். அந்தத் தீர்ப்பை எதிர்த்து வால்டேர் கடைசிவரை போராடினார். 1778இல் அது நீக்கப்பட்டது.

1763இல் ஆற்காட்டு நவாபு முகம்மது அலியிடமிருந்து செங்கல்பட்டுப் பகுதி கம்பெனிக்கு ஜாகீராக வந்தது. 1801இல் ஆற்காட்டு நவாபின் கர்நாடகம் முழுவதும் வந்தது. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு கம்பெனியின் ஏகபோகமானது. மரக்காணத்தில் வாரிய உப்பை, வாரியவரே தன் விருப்பப்படி விற்க முடியாத நிலை வந்தது. அந்த உப்பு வரி நீங்க 1947 ஆக வேண்டியிருந்தது. அதற்குள் தண்டி, வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகங்கள் நடந்தாக வேண்டியிருந்தன.

இந்தப் பகுதி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அலம்பறை, மரக்காணம், பெருமுக்கல், வந்தவாசி நான்கையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். அலம்பறையில் மிச்சமிருந்த சுவர்களையும் 2004 ஆழிப்பேரலை சேதப்படுத்தியது. கடலுப்பும் காற்றும் அன்றாடம் அரித்துக்கொண்டிருக்கின்றன. அதனால் தாமதிக்க வேண்டாம். பிப்ரவரியில் மாணவர்களை அழைத்துப் போங்கள். உப்பளத்தில் வேலை செய்பவரையே பேசச் சொல்லி, எத்தனை டிகிரியில் எது படிகிறது என்று கேளுங்கள். கடற்கரையில் மணல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு வந்தவாசிக்குப் போய்ப் போரைப் பற்றிப் பேசுங்கள். போகும்போது வரலாற்று ஆசிரியரோடு அறிவியல் ஆசிரியரும் கட்டாயம் போக வேண்டும்.